கைப்பக்குவமும் அச்சுப்பக்குவமும்: அமெரிக்க நன்றி நவிலல் நாள் சமையலின் வரலாறு

முன்னுரை

நவம்பர் மாத நான்காம் வியாழக்கிழமை அமெரிக்க வீடுகளில் காலையிலேயே ஓவன் சூடேறிவிடும். உள்ளே வான்கோழி வேகும். கண்ணாடி சன்னல்களில் ஆவி படியும். ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் அடுப்படியைச் சுற்றி வருவார்கள். மேசைக்கு வருவதெல்லாம் 'பாட்டி காலத்துப் பண்டம்' என்றே பரிமாறப்படும். அந்தப் பாட்டி காலம் எது? 1621ஆம் ஆண்டுக் கடிதம், 1796ஆம் ஆண்டுச் சமையல் நூல், 1827ஆம் ஆண்டு நாவல், 1955ஆம் ஆண்டுச் சமையல்குறிப்பு அட்டை ஆகிய நான்கு சான்றுகளை வரிசையாக வைத்து இக்கட்டுரை விடை தேடுகிறது. சமைத்தவர் யார், எழுதியவர் யார் என்ற கேள்வியை ஒவ்வொன்றிடமும் கேட்டால், கைப்பக்குவம் என்று போற்றப்படுவதில் பெரும்பகுதி அச்சுப்பக்குவம் என்பது புலப்படும்.

சமைத்தவர் இடம்பெறாத கடிதம்

இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் குடியேற வந்த 102 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். மிஞ்சியவர்கள் 1621இல் பிளிமத்தில் நடத்திய அறுவடை விருந்தை அவர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ தன் கடிதத்தில் ஒரு சில வரிகளில் முடித்துவிடுகிறார். பறவை வேட்டைக்கு நால்வர் போனார்கள். அந்நிலத்தின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களின் தலைவர் மசசாய்ட் ஏறத்தாழ 90 ஆட்களுடன் வந்தார். அவர்கள் 5 மான்கள் கொண்டுவந்தார்கள். விருந்து மூன்று நாள் நடந்தது. அவ்வளவுதான். குடியேற்றத்தில் அப்போது உயிரோடிருந்த மணமான பெண்கள் நால்வர். மூன்று நாள் அடுப்பு வேலை அவர்கள் தலையிலும் சிறுமிகள் தலையிலும்தான் விழுந்திருக்கும். கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மக்காச்சோளமும் பரங்கியும் வாம்பனோவாக் பெண்கள் பயிரிட்டு வந்தவை. அந்தப் பெண்களும் கடிதத்தில் இல்லை.

பரங்கியர் வழியாகக் கடல் கடந்து வந்ததால் நாம் பரங்கிக்காய் என்று பெயரிட்ட காயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். ஆனால் இன்று விருந்தின் முத்திரையாக இருக்கும் பம்ப்கின் பை (மாவு ஓட்டில் பரங்கி நிரப்பிச் சுடும் பண்டம்) 1621இல் இருந்திருக்க வழியில்லை. அதற்கு வேண்டிய கோதுமை மாவும் வெண்ணெயும் சுடுவதற்கேற்ற அடுப்பும் அன்று அவர்களிடம் இல்லை. அந்த விருந்துக்கு 'முதல் நன்றி நவிலல்' என்ற பட்டமும் அன்று கிடைக்கவில்லை. 1841இல் அலெக்சாண்டர் யங் அக்கடிதத்தைப் பதிப்பித்தபோது அடிக்குறிப்பில் சூட்டியது அது.

அனாதைச் சமையற்காரியின் நூல்

1796இல் ஹார்ட்ஃபர்டில் வெளியான அமெலியா சிம்மன்ஸின் 'அமெரிக்கன் குக்கரி', அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவிலேயே அச்சேறிய முதல் சமையல் நூலாகக் கருதப்படுகிறது. முகப்பில் அவர் தம்மை 'அமெரிக்க அனாதை' என்று சொல்லிக்கொள்கிறார். அச்சுக்கு எழுதித் தந்தவர் செய்த குளறுபடிகளைக் குறைகூறி ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார். கை அவருடையது, எழுத்து இன்னொருவருடையது.

பரங்கிக்கு அவர் இரண்டு முறைகள் தருகிறார். முதலாவதில் வேகவைத்து வடித்த பரங்கி ஒரு குவார்ட்டு (ஏறத்தாழ ஒரு லிட்டர்), கிரீம் 3 பைண்ட், முட்டை 9, சர்க்கரை, ஜாதிபத்திரி, ஜாதிக்காய், இஞ்சி. இரண்டாவதில் கிரீமுக்குப் பதில் பால், சர்க்கரைக்குப் பதில் மொலாசஸ் (கரும்புப்பாகு), முட்டை நான்கே. ஒரே பண்டம், கைக்கு வசதிப்பட்டபடி இரண்டு. ஜாதிக்காய் கீழைத் தீவுகளிலிருந்து வந்தது. மொலாசஸ் கரீபியக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. அமெரிக்காவின் வடகிழக்கான நியூ இங்கிலாந்தின் கிராமத்து அடுப்படி அன்றே உலகச் சந்தையோடு பிணைந்திருந்தது.

புகைபோக்கியை ஒட்டிக் கட்டிய செங்கல் அடுப்பில் விறகை எரித்துச் சூடேற்றி, கனலையும் சாம்பலையும் வாரியெடுத்துவிட்டு, தங்கிய சூட்டில் பைகளைச் சுடுவார்கள். ஒரு தடவை அடுப்பு சூடானால் பல பைகள் சுட்டாக வேண்டும். விறகு வீணாகக் கூடாது. அப்படிச் சுட்டுக் குளிரறையில் உறைய வைத்த பண்டங்கள் ஏப்ரல் வரை தாங்கியதை ஹாரியட் பீச்சர் ஸ்டோ 1869இல் வெளியிட்ட 'ஓல்டுடவுன் ஃபோக்ஸ்' நாவலில் விவரிக்கிறார்.

பத்திரிகாசிரியர் போட்ட மேசை

சாரா ஜோசஃபா ஹேல் 1822இல் கணவரை இழந்து, ஐந்து குழந்தைகளை வளர்க்கப் பேனா பிடித்தவர். 1827இல் வந்த அவருடைய 'நார்த்வுட்' நாவல் ஓர் அத்தியாயம் முழுக்க நன்றி நவிலல் விருந்தைப் படையலிடுகிறது. மேசைத் தலைமாட்டில் வான்கோழி. கூடவே மாட்டிறைச்சி, பன்றி, ஆடு, வாத்து, கோழிப் பை, பம்ப்கின் பை. வான்கோழி அங்கே பலரில் மூத்தவர். தனியரசர் ஆனது பிறகுதான்.

1837 முதல் நாற்பதாண்டுகள் 'கோடீஸ் லேடீஸ் புக்' இதழை நடத்திய ஹேல், 1846 முதல் நன்றி நவிலல் நாளைத் தேசிய விடுமுறையாக்கத் தலையங்கம் எழுதினார். ஆளுநர்களுக்கும் குடியரசுத் தலைவர்களுக்கும் கடிதம் போட்டார். இதழ் சமையல்குறிப்புகளையும் கொண்டுசென்றது. செங்கல் அடுப்பின் இடத்தை இரும்பு அடுப்பு பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. நியூ இங்கிலாந்தின் வட்டாரச் சமையல் அச்சேறி நாடெங்கும் பரவியது. உள்நாட்டுப் போருக்கு நடுவே, 1863 அக்டோபர் 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிங்கன் நாடு முழுவதற்குமான நன்றி நவிலல் நாளை அறிவித்தார். நான்காம் வியாழன் என்று சட்டமானது 1941இல்.

டின்னும் அட்டையும்

இருபதாம் நூற்றாண்டில் எழுதும் கை நிறுவனத்திடம் போனது. 1912இல் மார்கஸ் யூரன் கிரான்பெரி சாஸை டின்னில் அடைத்தார். டின் பரங்கியும் கடைக்கு வந்தது. வேகவைத்து, மசித்து, வடிக்கும் அரைநாள் வேலை டின் திறக்கும் வேலையாகச் சுருங்கியது. செய்முறை லேபிளிலேயே இருந்தது.

1955இல் நியூ ஜெர்சியின் கேம்டனில், கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் டார்கஸ் ரெய்லியும் சகாக்களும் கிரீன் பீன் கேசரோலை உருவாக்கினார்கள். பச்சை பீன்ஸ், காளான் கிரீம் சூப், பால், சோயா சாஸ், மிளகு, பொரித்த வெங்காயம்: எந்த வீட்டு அலமாரியிலும் கைக்கெட்டும் ஆறு பொருள்கள். இன்று இக்கூட்டு இல்லாத விருந்து நிறைவு பெறாது என்று நினைக்கும் குடும்பங்கள் ஏராளம்.

முடிவுரை

1621இல் சமைத்தவர் எழுத்தில் இல்லை. 1796இல் இன்னொருவர் வழியே பேசினார். 1827க்குப் பின் பத்திரிகை பேசியது. 1955இல் நிறுவனம் பேசியது. விடுபட்ட குரல்கள் திரும்பிவராமலும் இல்லை: 1970இல் வாம்பனோவாக் இனத்தவரான வாம்சுட்டா ஜேம்ஸ் முன்னின்று பிளிமத்தில் தொடங்கிய துக்க நாள், அதே வியாழக்கிழமையில் இன்றும் கடைப்பிடிக்கப்படுகிறது.

கைப்பக்குவம் பொய் என்பது இதற்குப் பொருளல்ல. அச்சில் வந்ததை ஒரு வீடு சோயா சாஸ் இல்லாமல் செய்யும். இன்னொரு வீடு சீஸ் தூவும். முப்பது ஆண்டுகளில் அதுவே அந்த வீட்டு ருசியாகிவிடும். ரெய்லியின் மூலச் சமையல்குறிப்பு அட்டை 2002இல் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ் மன்றத்துக்குக் கொடுக்கப்பட்டது. 1621இல் மூன்று நாள் அடுப்பைக் காத்தவர்களுக்கு அப்படி ஓர் அட்டை இல்லை.