ஓடுற ரயில்ல மோட்டார் மாத்தின கதை

காட்டாங்குளத்தூர் ஹாஸ்டல்ல இருந்தப்போ, ரெண்டு ஜாவா லூப்ல எது வேகம்னு அளந்தேன். ரெண்டையும் மெயின் ஃபங்ஷனுக்குள்ளயே எழுதி, ரிப்போர்ட்ல டேபிளும் போட்டாச்சு. வைவாவுக்கு முந்தின ராத்திரி சும்மா வரிசையை மாத்தி ஓட்டினேன். தோத்தது ஜெயிச்சிருச்சு!

இதுக்குப் பின்னாடி ஒரு பழைய கதை இருக்கு. ‘செல்ஃப்’ மொழிக் குழுவுக்கு வேகமும் வேணும், டீபக்கிங்கும் வேணும். ஆப்டிமைஸ் பண்ணின கோடுல டீபக் பண்றது கஷ்டம். 1992இல் ஹோல்ஸ்லே, சேம்பர்ஸ், அங்கர் மூவரும் ஒரு வழி சொன்னார்கள்: பாதியில் நிற்கும் ஃபங்ஷனின் மதிப்புகளை எடுத்து, ஆப்டிமைஸ் செய்யாத கோடுக்குள் உட்கார வைத்து, அங்கிருந்தே தொடர்வது. இதே மாற்றத்தை மெதுவான கோடிலிருந்து வேகமானதுக்கும் செய்யலாம். பேரு ஆன்-ஸ்டாக் ரீப்ளேஸ்மென்ட். செங்கல்பட்டு லோக்கல் ஓடிக்கிட்டிருக்கும்போதே, யாரையும் எழுப்பாம மோட்டாரை மாத்துற மாதிரி.

சன் நிறுவனத்தின் ஹாட்ஸ்பாட் வழியா இது ஜாவாவுக்கும் வந்தது. மெயினைக் கூப்பிடுறதே ஒரு தடவைதான். அதனால லூப் எத்தனை சுற்று சுத்துதுன்னு எண்ணி, நடுவுலயே கோடை மாத்திடும். ஆக நான் அளந்தது இன்டர்ப்ரிட்டர் நேரம், கம்பைல் நேரம், மாத்தின பிறகு ஓடின நேரம் எல்லாம் கலந்த சாம்பார். பிரிண்ட்-கம்பைலேஷன் ஆப்ஷன் போட்டா, அந்த வரியில ஒரு % குறி நிக்கும். அன்னிக்குத்தான் அதைக் கவனிச்சேன்.

லூப்பைத் தனி ஃபங்ஷனாக்கி, பல தடவை ஓட்டிச் சூடேத்தின பிறகு அளந்திருக்கணும். நேரமில்லை. ஸ்பைரல் பைண்டிங் பண்ணின ரிப்போர்ட்ல டேபிளைப் பேனாவால அடிச்சிட்டு வைவாவுக்குப் போனேன். ஏன்னு கேட்டாங்க. % குறியைக் காட்டினேன்.