பண்படுத்து

‘பண்படு’ தன்வினை, அதன் பிறவினை ‘பண்படுத்து’. பண் என்றால் தகுதி, செம்மை, இசையும்கூட. நிலம் விதைப்புக்கு ஏற்ற பதத்துக்கு வருவது பண்படுதல். பண்பாடு என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான்.

தமிழ் வேதாகமத்தில், ஆதியாகமம் 2:15-இல், ஏதேன் தோட்டத்தில் மனிதனுக்கு இடப்பட்ட வேலைகள் இரண்டு: பண்படுத்துவது, காப்பது. எபிரேய மூலத்தில் ‘அபாத்’, ‘ஷாமர்’. அபாத் என்றால் உழைத்தல், ஊழியம் செய்தல்; கடவுளை வழிபடுவதற்கும் அதே சொல்தான். எண்ணாகமம் 6-இல் வரும் ஆசீர்வாதத்தில் கர்த்தர் தம் மக்களைக் காப்பதும் ‘ஷாமர்’. அவர் நம்மைக் காக்கிற அதே காவலை நாம் மண்ணுக்குத் தர வேண்டும் என்றே நான் வாசிக்கிறேன். 1983-இல் போர்ச்சுகலில் தொடங்கிய ‘ஆ ரோஷா’ என்ற கிறிஸ்தவ அமைப்பு இதையே பணியாக எடுத்துக்கொண்டது. பெங்களூரை ஒட்டிய பன்னேர்கட்டாவில் யானைகளுக்காகவும் உழைத்திருக்கிறது.

அதே பெங்களூரின் தொம்மலூரில் எங்கள் மாடித் தொட்டியில் காய்கறித் தோலும் சருகும் போட்டு மூன்று மாதமாயிற்று. இன்று காலை கைவிட்டுப் பார்த்தேன். கட்டிதட்டிக் கிடந்த செம்மண் பொலபொலவென்று உதிர்ந்தது. நடுவே ஈரம் மின்ன ஒரு மண்புழு. ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொன்னேன்.