பரணிலிருந்து இறங்கி வந்த மடிக்கணினி



போன ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் இடி விழுந்ததும், கூடத்தில் இருந்த வைஃபை பெட்டி கருகிப் போனதும் உங்களில் சிலருக்குத் தெரியும். மூன்று நாளாக என்னிடமிருந்து காலை வணக்கம் வரவில்லையே என்று துபாயிலிருந்து ஒரு மாணவன் போன் போட்டு விசாரித்தான். உடம்புக்கு ஒன்றுமில்லையப்பா, பெட்டிக்குத்தான் வந்துவிட்டது என்றேன்.

பைபர் கம்பி வந்து சேரும் சின்னப் பெட்டி தப்பிவிட்டது. அதற்கு அடுத்து இருந்த ரவுட்டர்தான் போனது. கடைவீதியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் நம் பழைய மாணவன் ஒருவனுக்குச் சொல்லி அனுப்பினேன். (பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். படித்தவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.) வந்தவன் கருகிய பெட்டியை ஒரு தடவை முகர்ந்து பார்த்தான். “சார், வீட்டுல பழைய லேப்டாப் ஏதாவது கெடக்கா?” என்றான்.

கிடந்தது. என் தங்கை மகள் பிளஸ் டூ படித்தபோது 2013-ல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. கீல் உடைந்து, இரண்டு எழுத்து விசை உதிர்ந்து, பரணில் பித்தளைக் குடத்துக்குப் பின்னால் இருந்தது. பழைய இரும்புக்காரரிடம் போட இரண்டு முறை எடுத்து, மனசு வராமல் திரும்ப வைத்தது. தங்கை வீட்டுக்குள் வந்த முதல் கணினி அதுதான்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவன் பென்டிரைவைச் செருகி ஏதேதோ தட்டினான். பைபர் பெட்டியிலிருந்து வரும் ஒயரை மடிக்கணினியின் பக்கவாட்டில் சொருகினான். என் செல்போனில் வைஃபை வந்தது. “ரவுட்டர்னா அது தனி மெஷின் இல்லையாடா?” என்று கேட்டேன். “இல்ல சார். அது ஒரு வேலை. எந்தக் கம்ப்யூட்டரும் செய்யும்” என்றான்.

ஒரு வரலாற்று ஆசிரியனுக்கு இந்த ஒரு வரி போதாதா? ஒரு மாதமாகப் படித்தேன். படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்ப்போம். ரயில்வே ஸ்டேஷனில் ஆர்.எம்.எஸ். தபால் அலுவலகம் பார்த்திருப்பீர்கள். அங்கே இருப்பவர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில்லை. முகவரியைப் பார்த்து, எந்தப் பையில் போட வேண்டுமோ அதில் போடுவார். நாம் அனுப்பும் படமும் பேச்சும் சிறுசிறு பொட்டலங்களாக உடைந்து போகின்றன. ஒவ்வொன்றின் மேலும் முகவரி இருக்கிறது. முகவரியைப் பார்த்து அடுத்த வழியில் தள்ளிவிடுவதுதான் ரவுட்டரின் வேலை.

இந்த வேலைக்குத் தனிக் கணினி வைக்கலாம் என்ற யோசனை 1967-ல் அமெரிக்காவில் பிறந்தது. ராணுவ ஆராய்ச்சித் துறையின் பணத்தில் பல்கலைக்கழகக் கணினிகளை இணைக்கும் அர்பாநெட் திட்டம் பேசப்பட்டுக்கொண்டிருந்த நேரம். தங்கள் பெரிய கணினியின் நேரம் இதில் வீணாகும் என்று பல இடங்களில் முணுமுணுத்தார்கள். வெஸ்லி கிளார்க் என்பவர், ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறிய கணினியை வைத்து இந்தத் தபால் வேலையை அதனிடம் விட்டுவிடுங்கள் என்றார். அந்தச் சிறு கணினிக்கு ஐ.எம்.பி. என்று பெயர் வைத்தார்கள்.

செய்து தரும் ஒப்பந்தம் மாசசூசெட்ஸில் இருந்த பி.பி.என். என்ற நிறுவனத்துக்குப் போனது. அவர்கள் புது இயந்திரம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஹனிவெல் நிறுவனம் விற்றுக்கொண்டிருந்த டி.டி.பி. 516 என்ற கணினியை வாங்கி, அதற்குத் தாங்களே நிரல் எழுதினார்கள். “சிறிய” கணினி என்றார்களே தவிர, எடை 400 கிலோவுக்கு மேல். நினைவகம் 24 கிலோபைட். பரணிலிருந்து இறங்கிய நம் மடிக்கணினியின் நினைவகம் 2 ஜிபி. அதாவது அதைப்போல எண்பதாயிரம் மடங்குக்கு மேல்!

1969 ஆகஸ்ட் கடைசியில் முதல் ஐ.எம்.பி. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அக்டோபர் 29 இரவு, சார்லி கிளைன் என்ற மாணவர் அங்கிருந்து ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினிக்கு “லாகின்” என்ற சொல்லை ஒவ்வொரு எழுத்தாக அனுப்பத் தொடங்கினார். இரண்டு எழுத்து போய்ச் சேர்ந்ததும் எதிர்முனைக் கணினி மடங்கி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் சரி செய்து திரும்ப அனுப்பினார்கள். இணையத்தின் பிள்ளையார் சுழியே இரண்டு எழுத்தில் நின்றுவிட்டதுதான்.

1974-ல் வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும், தனித்தனி வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் வழியை எழுதி வெளியிட்டார்கள். இரண்டு வலையமைப்புகள் சந்திக்கும் இடத்தில் நிற்கும் கணினியை “கேட்வே”, அதாவது வாசல் என்றார்கள். அந்த வாசலில் பெரும்பாலும் நின்றது பி.டி.பி. 11 என்ற கணினி. அதுவும் ஆய்வுக்கூடங்களில் எல்லா வேலைக்கும் புழங்கிய பொதுக் கணினிதான்.

எனக்கு மிகவும் பிடித்தவர் டேவிட் மில்ஸ். கண் பார்வை குறைந்தவர். பின்னாளில் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர். இன்று உலகத்துக் கணினிகள் எல்லாம் ஒரே நேரம் காட்டுகின்றனவே, அந்த ஏற்பாட்டை வகுத்தவரும் அவர்தான். எல்.எஸ்.ஐ. 11 என்ற சிறு கணினியில் ஓடும் ஒரு நிரலை எழுதி, அதற்கு ஃபஸ்பால் என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார். 1986-ல் அமெரிக்காவின் ஆறு இடங்களை இணைத்து என்.எஸ்.எஃப்.நெட் தொடங்கியபோது, அதன் முதுகெலும்பில் ரவுட்டர் வேலை பார்த்தவை இந்த ஃபஸ்பால் கணினிகளே. வேகம் விநாடிக்கு 56 கிலோபிட். இன்று ஒரு வீட்டுக்குப் போதாத வேகத்தில் ஒரு தேசத்தின் ஆராய்ச்சித் தகவல் போய்க்கொண்டிருந்தது. 1988-ல் அவற்றை எடுத்துவிட்டு வைத்ததும் ஐ.பி.எம். மேசைக் கணினிகளை ஒன்றுசேர்த்துக் கட்டியதுதான்.

அப்படியானால் கணினி எப்போது பெட்டியாயிற்று?

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களின் தொடக்கத்தில் துறைக்குத் துறை வேறு வேறு வலையமைப்பு. அவற்றை இணைக்க பில் யேகர் என்ற ஊழியர் நிரல் எழுதினார். முதலில் அது ஓடியது பி.டி.பி. 11-ல். பிறகு ஆண்டி பெக்டோல்ஷைம் என்ற மாணவர் வடிவமைத்த பலகையில். அதை நீல நிறப் பெட்டியில் அடைத்து வளாகமெங்கும் வைத்தார்கள். அதே பல்கலைக்கழகத்தில் கணினிப் பிரிவுகளைக் கவனித்துவந்த லென் போசாக், சாண்டி லெர்னர் தம்பதியர் 1984-ல் சிஸ்கோவைத் தொடங்கினார்கள். அந்த நிரலுக்கும் பலகைக்கும் பல்கலைக்கழகம் 1987-ல் அவர்களுக்கு உரிமம் கொடுத்தது. அதன் பிறகுதான் ரவுட்டர் என்றால் கடையில் வாங்கும் மூடிய பெட்டி என்று ஆனது. வேகத்துக்கும் உறுதிக்கும் அது தேவைதான். ஆனால் உள்ளே இருப்பதும் கணினிதான் என்பது மெல்ல மறந்துபோனது.

அடுத்து வீட்டு ரவுட்டர். இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. அவை தீர்ந்துவிடும் என்று 1990-களின் தொடக்கத்திலேயே பயம் வந்தது. 1994-ல் ஒரு வழி சொன்னார்கள். வீட்டுக்கு வெளியே ஒரே முகவரி, வீட்டுக்குள் ஆளுக்கொரு உள்முகவரி. வாசலில் நிற்கும் கணினி எது யாருடையது என்று குறித்து வைத்துக்கொண்டு மாற்றிக் கொடுக்கும். கூட்டுக் குடும்பத்துக்குத் தபால் வந்தால் தாத்தா வாங்கி, இது பெரியவனுக்கு, இது சின்னவனுக்கு என்று பிரித்துக் கொடுப்பாரே, அதேதான். உங்கள் செல்போனில் 192.168 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்திருந்தால், அதுதான் வீட்டு உள்முகவரி.

இதை நீங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க பிரவுசிங் சென்டர் வாசலில் வரிசையில் நின்றது நினைவிருக்கிறதா? பல கடைகளில் முதலாளி மேசையில் இருந்த ஒரு கணினிக்குத்தான் இணைப்பு வரும். மற்றவை அதன் வழியாகத்தான் வெளியே போகும். 1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே இந்தப் பங்கீட்டு வசதி இருந்தது. அந்த மேசைக் கணினியும் ரவுட்டர்தான். நமக்குப் பெயர்தான் தெரியவில்லை.

அதே காலத்தில், வெளிநாடுகளில் பலர் தூக்கிப் போட வேண்டிய 486 கணினிகளில், ஒரே ஒரு பிளாப்பியில் அடங்கும் லினக்ஸைப் போட்டு ரவுட்டராக்கினார்கள். அந்தப் பிளாப்பி 1.44 எம்.பி.தான்.

கடைசிக் கதை. 2002 இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற நீலமும் கருப்புமான வைஃபை ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாங்கியவர்களில் சிலர் உள்ளே நோண்டிப் பார்த்தார்கள். ஓடிக்கொண்டிருந்தது லினக்ஸ்! லினக்ஸின் உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு: அதை வைத்துப் பொருள் விற்றால், அதன் மூல நிரலை வாங்கியவர் கேட்டால் தர வேண்டும். கேட்டார்கள். 2003-ல் நிறுவனம் வெளியிட்டது. அதை அடிப்படையாக வைத்து 2004-ல் சில ஆர்வலர்கள் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளைத் தொடங்கினார்கள். இன்று அது நூற்றுக்கணக்கான ரவுட்டர் வகைகளில் ஓடுகிறது. சாதாரணக் கணினியிலும் ஓடுகிறது. நம் மாணவன் என் மடிக்கணினியில் போட்டது அதைத்தான். கணினியில் பிறந்த வேலை பெட்டிக்குள் போய், திரும்பக் கணினிக்கே வந்திருக்கிறது.

இனி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

2005 வாக்கில் நம் பள்ளிக் கணினி அறையின் சாவி என்னிடம் இருந்தது. ஒரு நாள் மதியம் உணவு இடைவேளையில் இதே பையன் ஒரு கணினியின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். எதையும் உடைக்கவில்லை. நான் அவனை வராந்தாவில் முட்டி போட வைத்தேன். மறுநாள் அப்பாவைக் கூட்டி வரச் சொன்னேன். அவர் சித்தாள் வேலையை விட்டுவிட்டு வந்து, கைகட்டி நின்றுவிட்டுப் போனார். “தெரியாததைத் திறக்கக் கூடாது” என்று அவனுக்கு அறிவுரையும் சொன்னேன்.

மேலே எழுதிய வரலாற்றைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அதில் வரும் ஒவ்வொருவரும் தெரியாததைத் திறந்து பார்த்தவர்கள்தான். முப்பத்திரண்டு ஆண்டுகள் வரலாறு நடத்திய எனக்கு, என் முன்னால் முட்டி போட்டிருந்தவனிடம் அது தெரியவில்லை. வேலை முடிந்து அவன் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் வைக்கும்போது அன்றைய நாளைப் பற்றிச் சொன்னேன். “அத விடுங்க சார், நானே மறந்துட்டேன்” என்றான். மறக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பணம் வேண்டாம் என்றான். உங்கப்பாவுக்கு அன்றைக்குப் போன ஒரு நாள் கூலி என்று சொல்லிச் சட்டைப்பையில் வைத்தேன். அதன் பிறகு வாங்கிக்கொண்டான்.

வீட்டில் பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். புது மென்பொருள் போட்டால் பழையது எல்லாம் அழிந்துவிடும். முதலில் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எடுத்தோம். மறைந்த என் மைத்துனர் அந்தக் கேமரா முன் உட்கார்ந்து சிரிக்கும் படம் ஒன்று இருந்தது. தங்கைக்கு அனுப்பினேன். பேட்டரி உப்பியிருந்தால் கண்டிப்பாகக் கழற்றிவிடுங்கள், அது தீப்பிடிக்கும். நல்ல பேட்டரி என்றால் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் பைபர் பெட்டிக்கும் கரண்ட் இருந்தால்தான் இணைப்பு வரும். மடிக்கணினியின் வைஃபை பக்கத்து அறை வரைதான் எட்டும். சின்ன ரவுட்டரைவிட மின்சாரமும் சற்றுக் கூடுதலாகவே எடுக்கும். மூடியை முழுதாக மூடி, துணிக்கடியில் வைத்து வேக விடாதீர்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள், மென்பொருளை அவ்வப்போது புதுப்பியுங்கள். புதுப் பெட்டி வாங்க வசதி இருப்பவர்கள் வாங்கலாம், தப்பில்லை.

என் வீட்டில் இதுவே ஓடட்டும். இந்தப் பதிவும் அதன் வழியாகத்தான் உங்களிடம் வருகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளை எதையாவது கழற்றிப் பார்த்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். திட்டாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்