பழைய நெல் அறுவடை இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தல்

நெல் அறுவடை இயந்திரம் என்பது கதிரை அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லைத் தொட்டியில் சேர்ப்பது வரை எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கும் வண்டி. காவிரிப் படுகையில் இரண்டு வகை வண்டிகள் ஓடுகின்றன. காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. ஈரம் வடியாத வயலுக்கு, ரப்பர் பட்டையில் ஊர்ந்து செல்லும் பெல்ட் வண்டி. பஞ்சாபில் தயாராகும் கர்தார் 4000, பிரீத் 987 ஆகியவை முதல் வகையில் பேர்பெற்றவை. கிளாஸ் கிராப் டைகர் டெரா டிராக், குபோட்டா டிசி-68ஜி ஆகியவை இரண்டாம் வகை. குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் மழையோடு போட்டி போடுவதாலும், சம்பா வயல் ஜனவரியிலும் பல இடங்களில் ஈரமாகவே இருப்பதாலும், டெல்டாவில் பழைய வண்டி தேடுபவர் பெரும்பாலும் பெல்ட் வண்டியைத்தான் தேடுகிறார்.

விற்பவரிடம் முதலில் கேட்கப்படுவது எந்த வருடத்து வண்டி, மீட்டரில் எத்தனை மணி என்பதுதான். இரண்டுமே பலவீனமான சாட்சிகள். மணி மீட்டர் என்ஜின் ஓடிய நேரத்தைச் சொல்லும். அந்த நேரத்தில் வண்டி வரப்போரம் சும்மா நின்றதா, சாய்ந்த பயிரைச் சேற்றில் அறுத்ததா என்று சொல்லாது. பழுதாகி நின்ற மீட்டரும் உண்டு, மாற்றப்பட்ட மீட்டரும் உண்டு. வண்டியைத் தேய்ப்பது ஆண்டுக்கணக்கு அன்று, அதற்குள் புகுந்து வெளியேறிய பயிரும் அது மிதித்த சேறும்தான். நெல் தாளில் சிலிக்கா மிகுதி. அது அடிக்கும் உருளையின் பற்களையும், அதற்குக் கீழுள்ள கான்கேவ் கம்பிகளையும், கதிரை ஏற்றிச் செல்லும் ஃபீடர் செயினையும், நெல்லைத் தள்ளும் ஆகர் விளிம்பையும் அரம் போல் அராவுகிறது. கீழே சேறு, பட்டையைத் தாங்கும் ரோலர்களின் சீல்களை உடைத்து உள்ளே போய் பேரிங்கைத் தின்கிறது. எனவே மூன்றாண்டு வாடகைக்கு ஓய்வின்றி ஓடிய வண்டியைவிட, எட்டாண்டு சொந்த வயலில் ஓடிப் பருவம் முடிந்ததும் கழுவி நிழலில் நிறுத்தப்பட்ட வண்டி நல்லதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தத் தேய்மானத்தை அளக்கும் நம்பகமான கருவி வயல்தான். வண்டியை ஓரளவு நீளத்துக்கு ஓட்டச் சொல்லி, பின்னால் விழுந்த வைக்கோலை அள்ளிப் பார்க்க வேண்டும். கதிரில் நெல் ஒட்டிக்கொண்டே வெளியேறியிருந்தால் உருளைப் பற்கள் மழுங்கியிருக்கும், அல்லது கான்கேவ் இடைவெளி அகன்றிருக்கும். கதிர் வெறுமையாகி, உதிர்ந்த நெல் வைக்கோலோடு தரையில் கிடந்தால் குறை சல்லடையிலோ காற்று விசையிலோ இருக்கும். தொட்டியில் அரிசியாக உடைந்த மணிகள் தெரிந்தால் உருளை வேகம் கூடுதல், அல்லது இடைவெளி குறுகல். இழப்பை எண்ணியும் பார்க்கலாம். ஆயிரம் நெல் 20 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டரில் 100 நெல் சிந்துவது எக்டேருக்கு 20 கிலோ, ஏக்கருக்கு 8 கிலோ. வைக்கோல் விழுந்த வரியில் மட்டும் எண்ணினால் கணக்கு மிகும். அறுத்த அகலம் முழுவதும் எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். வண்டி போகும் முன்பே உதிர்ந்து கிடந்ததைக் கழிக்கவும் வேண்டும். சிந்தியது போக, சேர்ந்த நெல்லின் தரமும் காசுதான். அரசு கொள்முதல் விதிப்படி ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ளும், மண், கல் போன்றவை 1 சதவீதத்துக்குள்ளும், தூசி, சருகு போன்றவை 1 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். சல்லடை சரியில்லாத வண்டி அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் மறுபடி தூற்ற நேரும்.

என்ஜின்தான் விலையுயர்ந்த பாகம், அதை முதலில் பார்க்க வேண்டாமா என்று கேட்பார்கள். பார்க்க வேண்டியதுதான்: குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து புகையைக் கவனிக்கலாம், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் டயர் வண்டிகள் பலவற்றில் இருப்பது லாரிகளால் நமக்குப் பழகிய அசோக் லேலண்ட் என்ஜின். அதைப் பிரித்துச் சேர்க்கும் மெக்கானிக்குகள் நகரங்களில் கிடைப்பார்கள். கான்கேவும் ரோலரும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. அறுவடை நடுவில் அவை உடைந்து உதிரிபாகம் வர நான்கு நாள் ஆனால், முற்றிய பயிர் அந்த நான்கு நாளும் மழையில் நிற்கும். அருகில் உதிரிபாகக் கடை இல்லாத வண்டியை மலிவு என்பதற்காக வாங்குவதை நியாயப்படுத்த முடியாது.

வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மானியம் இருக்கும்போது புதிதே வாங்கலாமே என்பது வலுவான ஆட்சேபம். தனி விவசாயிக்கு 40 முதல் 50 சதவீதம் வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு, புது வண்டிக்கு மானியம் உண்டு, பழையதற்கு இல்லை. மானியம் கைக்கு எட்டும் நிலையில் இருப்பவர் இரண்டு கணக்கையும் போட்டுப் பார்க்காமல் பழைய வண்டிக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது. அதைவிட அடிப்படையான கேள்வி, வண்டி தேவையா என்பது. தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 எக்டேர்தான். பெல்ட் வண்டி ஏக்கருக்குச் சுமார் ஒரு மணி நேரத்தில் அறுத்துவிடும் நிலையில், சொந்த வயலை மட்டும் நம்பி எந்த வண்டியும் கட்டுப்படியாகாது. அக்கம்பக்கத்தில் வாடகைக்கு ஓட்டும் எண்ணம் இல்லாத சிறு விவசாயிக்கு, வேளாண்மைப் பொறியியல் துறையிலோ தனியாரிடமோ வாடகைக்கு எடுப்பதே மேல்.

சம்பா முடிந்தபின் விலை இறங்கும், அப்போது ஓட்டிப் பார்க்க வயல் ஏது என்பார்கள். டெல்டா வயல் காய்ந்திருந்தாலும் திருவண்ணாமலை, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிகளில் நவரை நெல் ஏப்ரல், மே வாக்கில் அறுவடைக்கு வருகிறது. வண்டியை அங்கே லாரியில் ஏற்றிச் சென்று பார்க்கும் செலவு, ஒரு செட் ரப்பர் பட்டை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் சிறிது. கடனில் வாங்கிய வண்டியானால் வங்கியின் தடையில்லாச் சான்றைக் கையில் வாங்கிய பிறகே முழுத்தொகை கொடுங்கள். நெல் வயலில் ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.