பேப்பர்க் கயிறு

பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்த அந்த ஸ்டூலுக்கு இருக்கை இல்லை. நாலு கால், நாலு சட்டம், நடுவில் வெறும் இடைவெளி. டென்மார்க்கில் இப்படிப்பட்டவை அடிக்கடி அகப்படும். நானே பின்னிப் பார்ப்போம் என்று ஒரு சுருள் கயிறும் வாங்கி வந்தேன்.

ஊரில் நார்க்கட்டில் பின்னுகிறவர்கள் பனைநாரை ஊறப்போட்டு எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே பழக்கத்தில் கயிற்றை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் தூக்கினால் முறுக்கு அவிழ்ந்து, கையோடு பிய்ந்து வந்தது. மேல்மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தச்சர் பார்த்துச் சிரித்தார். "அது பேப்பர்" என்றார்.

பிறகு அவரே கற்றுத்தந்தார். மூலையில் தொடங்கி, முன்சட்டத்துக்கு மேலாகக் கொண்டுபோய், அடியால் எடுத்து, பக்கச்சட்டத்தைச் சுற்றி, அடுத்த மூலைக்குப் போக வேண்டும். நாலு மூலையும் முடிந்தால் ஒரு சுற்று. சுற்றுகள் சேரச்சேர நாலு முக்கோணங்கள் வளர்ந்து நடுவில் சந்திக்கும். கடித உறையின் பின்பக்கம் மாதிரி. செய்முறை அவ்வளவுதான். கஷ்டம் இழுவையில் இருக்கிறது. இரண்டாம் சுற்றில் விட்ட தளர்வு இருபதாம் சுற்றில்தான் தெரியும். இரண்டு முறை முழுதாகப் பிரித்தேன்.

கடதாசியில் இருக்கை செய்யும் யோசனை வசதியில் பிறந்ததல்ல. 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்தது. அதுவரை கதிரை பின்ன வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கடற்புல் கயிறு வராமல் போனது. அதற்கு மாற்றாகத்தான் முறுக்கிய கடதாசிக் கயிறு கதிரைக்கு வந்தது.

போர் 1945இல் முடிந்தது. மாற்றுச் சரக்கு அதோடு போயிருக்க வேண்டும், போகவில்லை. 1947இல் போர்கே மொகென்சன், நுகர்வோர் கூட்டுறவு அமைப்பான எஃப்டிபிக்காகச் சாதாரணக் குடும்பங்கள் வாங்கக்கூடிய ஒரு கதிரையை வடிவமைத்தார். ஜே39 என்ற அதன் இருக்கை கடதாசிக் கயிறு. 'மக்கள் கதிரை' என்று பெயர் வாங்கியது. 1949இல் ஹான்ஸ் வெக்னர் வரைந்த ஒய் கதிரையிலும் அதே கயிறுதான். ஒன்றுக்குச் சுமார் 120 மீட்டர். 1950 முதல் இன்றுவரை அதைச் செய்கிறார்கள். பழகிய கை ஒரு மணித்தியாலத்தில் பின்னி முடிக்குமாம். எனக்கு மூன்று வார இறுதிகள்.

புல் ஒருசீராக இருக்காது. கடதாசியை ஒரே தடிப்பில் முறுக்கலாம். பஞ்சத்துக்கு வந்த பொருளிடம் அதற்கென்று ஒரு குணம் இருந்ததை நல்ல கைகள் கண்டுகொண்டன.

இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். அவ ஸ்டூலைத் தட்டிப் பார்த்தா.

"உதென்ன, பேப்பரோ? ஆள் இருந்தால் தாங்குமோ?"

"தாங்கும் அம்மா. சண்டைக்காலத்தில இல்லாததுக்குப் பிடிச்சது, பிறகு அதையே வைச்சிருக்கிறாங்கள்."

அம்மா கொஞ்சம் பேசாமல் இருந்தா. 90களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, சில துளி எண்ணெய், ஒரு சின்னத் திரி. அந்த வெளிச்சத்தில்தான் ஒரு தலைமுறை படித்தது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைச் சுழற்றி ரேடியோவில் செய்தி கேட்டோம்.

"எங்கட ஜாம் போத்தல் விளக்கை ஆர் வைச்சிருக்கினம்? லைட் வந்த அண்டைக்கே நான் தூக்கி எறிஞ்சிட்டன்" என்றா.

எறிந்ததில் பிழையில்லை. புகை கண்ணை எரித்த விளக்கு அது. டேனியர்களுக்கு ஐந்து வருட ஆக்கிரமிப்புக்குப் பிறகு நாடு முழுதாகக் கிடைத்தது. தட்டுப்பாட்டை நிதானமாகத் திரும்பிப் பார்க்க அவர்களுக்கு வாய்த்தது. எங்களுக்கு ஓடவே நேரம் சரியாக இருந்தது. அந்த விளக்கை முதலில் செய்தவரின் பெயர்கூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அம்மா இப்போது சமையலறையில் அந்த ஸ்டூலில் இருந்துதான் வெங்காயம் உரிக்கிறா. முன்மூலையில் ஒரு இடத்தில் விரல் நுழையும் அளவுக்குத் தளர்வு இருக்கிறது. பிரித்துத் திரும்பப் பின்னட்டுமா என்று கேட்டேன்.

"விடு, தாங்குது" என்றா.