காத்திருப்பின் வரலாறு: லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பேருந்தும் அதைத் தவிர்த்தோரும் (1920 – 2015)

முன்னுரை

மகிழுந்தைச் சார்ந்தே இயங்கும் நகரங்களில் மக்கள் பேருந்தை ஏன் தவிர்க்கின்றனர் என்னும் வினாவிற்கு இருவகை விடைகள் வழக்கில் உள்ளன. அமெரிக்கர் இயல்பிலேயே மகிழுந்து விரும்பிகள் என்பது ஒன்று. மகிழுந்து நிறுவனங்கள் சூழ்ச்சி செய்து பொதுப் போக்குவரத்தை அழித்தன என்பது மற்றொன்று. இரண்டிற்கும் சான்றாகக் காட்டப்படுவது கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமே. அந்நகரின் வரலாற்றை நுணுகி நோக்கின் இவ்விரு விடைகளும் போதாமை புலனாகும். பேருந்து யாருக்காக, எத்தரத்தில், எவ்வளவு காத்திருப்புடன் இயக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே மக்கள் அதில் ஏறியதும் இறங்கியதும் அமைந்தன என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

சூழ்ச்சிக் கதையும் அதன் எல்லையும்

1901இல் ஹென்றி ஹன்டிங்டன் தொடங்கிய பசிபிக் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செந்நிற மின்வண்டிகள் 1920களில் 1,000 மைலுக்கும் மேற்பட்ட இருப்புப்பாதையில் ஓடின. நகருக்குள் லாஸ் ஏஞ்சல்ஸ் இரயில்வேயின் மஞ்சள் டிராம்கள் இயங்கின. 1963க்குள் இரண்டும் மறைந்தன. 1949இல் சிகாகோவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபயர்ஸ்டோன் முதலிய நிறுவனங்கள் குற்றவாளிகளெனத் தீர்ப்பளிக்கப்பட்டமையே சூழ்ச்சிக் கதையின் வேர். ஆனால் மெய்ப்பிக்கப்பட்ட குற்றம், நேஷனல் சிட்டி லைன்ஸ் குழுமத்தின் போக்குவரத்து நிறுவனங்களுக்குப் பேருந்து, எரிபொருள், டயர் ஆகியவற்றை விற்பதில் முற்றுரிமை பெறச் சதி செய்தமை மட்டுமே. போக்குவரத்துத் தொழிலையே கைப்பற்றச் சதி செய்தனர் என்ற மற்றொரு குற்றச்சாட்டிலிருந்து அவை விடுவிக்கப்பட்டன.

மேலும், 1945இல் அக்குழுமத்தின் வசம் சென்றவை மஞ்சள் டிராம்களே. மக்கள் நினைவில் இன்றும் வாழும் செந்நிற வண்டிகள் அக்குழுமத்திற்கு ஒருபோதும் உரியனவாக இருந்ததில்லை. 1911 முதல் சதர்ன் பசிபிக் இரயில் நிறுவனத்தின் உடைமையாக இருந்த பசிபிக் எலெக்ட்ரிக், தன் தடங்கள் பலவற்றைப் பேருந்துக்கு மாற்றும் பணியைத் தானே அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சூழ்ச்சிக் கதை பொய்யன்று. ஆனால் அது விளக்கும் பரப்பு சிறிது.

தெரு யாருடையது?

1920 ஏப்ரலில் நடந்ததொரு நிகழ்ச்சி அதனினும் அதிகம் விளக்குகிறது. மையக் கடைத்தெருவில் நிறுத்தப்பட்ட மகிழுந்துகள் டிராம்களை மறித்தமையால், பகலில் அங்கு வண்டி நிறுத்துவதை நகராட்சி தடைசெய்தது. டிராம்கள் விரைந்தன, கடைகளில் விற்பனை சரிந்தது. வணிகர் கொதித்தெழுந்தனர். திரைப்பட நடிகை கிளாரா கிம்பால் யங் முன்னிற்க, மகிழுந்து ஊர்வலம் ஒன்றும் நடந்தது. சில வாரங்களிலேயே தடை தளர்த்தப்பட்டது. வணிக நிறுவனங்களின் சூழ்ச்சிக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே தெரு மகிழுந்துக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது என்பதே இதன் பொருள். அதில் மக்களுக்கும் பங்குண்டு. நெரிசலான டிராம்களை நடத்திய தனியார் நிறுவனங்கள்மேல் அவர்களுக்கிருந்த வெறுப்பும் சிறிதன்று.

பின்வந்த பேருந்து இத்தெருவையே மரபுரிமையாகப் பெற்றது. செந்நிற வண்டிகளுக்குப் பல இடங்களில் தனிப்பாதை இருந்தது. பேருந்துக்கு அதுவும் இல்லை. மகிழுந்து நெரிசலில் அது சிக்கும். சிக்கியபின் அடுத்தடுத்த நிறுத்தங்களிலும் பிந்தும். 1940இல் அரோயோ செக்கோ விரைவுச்சாலை திறக்கப்பட்டதிலிருந்து மகிழுந்துக்குத் தனிப்பாதை கிடைத்தது. கட்டடந்தோறும் இத்தனை வண்டி நிறுத்துமிடம் வேண்டும் என்ற விதிகள் மறுமுனையில் இலவச இடத்தையும் அளித்தன. அந்நிறுத்துமிடங்களின் செலவு வாடகையிலும் பொருள்விலையிலும் கலந்துவிடுகிறது என்று டொனால்ட் ஷூப் 2005இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். அவ்வாறாயின், மகிழுந்தே இல்லாத பேருந்துப் பயணியும் பிறருடைய நிறுத்துமிடத்திற்குப் பணம் செலுத்துகிறார்.

‘சிறைப்பட்ட’ பயணியர்

1965 ஆகஸ்டில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் கலவரம் மூண்டது. அதை ஆராய்ந்த மெக்கோன் ஆணையம், போதாததும் செலவு மிக்கதுமான பொதுப் போக்குவரத்து அப்பகுதி மக்கள் வேலை தேடவும் அதில் நிலைக்கவும் தடையாக உள்ளது என்று அவ்வாண்டு டிசம்பர் அறிக்கையில் குறிப்பிட்டது. பேருந்தைத் தவிர்க்க இயலாதோர் இருந்தனர்; அவர்களுக்கும் போதிய பேருந்து இல்லை.

போக்குவரத்துத் திட்டவியலில் பயணியரை இரண்டாகப் பிரிப்பது வழக்கம்: மகிழுந்து இருந்தும் பேருந்தைத் தேர்ந்தோர், வேறு வழியின்றி அதில் வருவோர். பின்னவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கினால் ‘சிறைப்பட்ட பயணியர்’ என்றாகும். கலைச்சொல் என்று கடந்துசெல்லத்தக்க சொல்லன்று இது. சிறைப்பட்டவர் எவ்வாறாயினும் வருவார். ஆகவே அவர்பொருட்டுச் சேவையை மேம்படுத்த வேண்டியதில்லை என்ற முடிவு இச்சொல்லுக்குள்ளேயே ஒளிந்துள்ளது. மணிக்கு ஒருமுறை வரும் பேருந்துக்கு, நேரம் பாராது செல்பவர் சராசரியாக 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். அத்தகைய பேருந்து இரண்டில் மாறிச் செல்வோர்க்குக் காத்திருப்பு மட்டுமே ஒரு மணிநேரம். நடைமுறையில் பிந்துதலும் சேர்ந்துவிடும். வண்டிக்குள் கழியும் நிமிடத்தைக் காட்டிலும் நிறுத்தத்தில் கழியும் நிமிடம் மக்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு பாரமாகப்படுவதைப் போக்குவரத்து ஆய்வுகள் கணக்கில் கொள்கின்றன.

ஐம்பது சென்ட் காலம்

மகிழுந்து மோகமே காரணம் என்போர் விளக்க இயலாத ஒரு காலப்பகுதி உண்டு. 1980இல் வாக்காளர் ஏற்ற அரை விழுக்காட்டு விற்பனை வரியைக் கொண்டு, 1982 ஜூலை முதல் மூன்றாண்டுகளுக்குப் பேருந்துக் கட்டணம் 85 சென்டிலிருந்து 50 சென்டாகக் குறைக்கப்பட்டது. பயணங்களின் எண்ணிக்கை 40 விழுக்காட்டிற்கும் மேல் உயர்ந்து, 1985இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடியை எட்டியது. அதே நகரம், அதே விரைவுச்சாலைகள், அதே பண்பாடு. மூன்றாண்டுகள் முடிந்ததும் வரிப்பணம் இருப்புப்பாதைக்குத் திருப்பப்பட்டது, கட்டணம் ஏறியது, பயணியர் குறைந்தனர். 1990இல் முதலில் திறக்கப்பட்ட புதிய இரயில் தடம், 1961இல் மூடப்பட்ட செந்நிற வண்டியின் லாங் பீச் வழித்தடத்தையே பெரிதும் ஒட்டிச் சென்றது.

1994இல் மாநகரப் போக்குவரத்து ஆணையம் கட்டணத்தை 1.10 டாலரிலிருந்து 1.35 ஆக உயர்த்தவும், 42 டாலர் மாதப் பயணச்சீட்டை நீக்கவும் முடிவுசெய்தது. பேருந்துப் பயணியர் சங்கமும் அதன் தோழமை அமைப்புகளும் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தன. பெரும்பான்மையும் வெள்ளையரல்லாத ஏழைப் பேருந்துப் பயணியரின் செலவில் இரயில் தடங்கள் அமைக்கப்படுகின்றன என்பது அவர்கள் வாதம். 1996இல் இருதரப்பும் இசைந்த தீர்ப்பாணை பத்தாண்டுகளுக்கு நடைமுறைக்கு வந்தது. மாதப் பயணச்சீட்டு காக்கப்பட்டது. பேருந்தில் நின்று பயணிப்போரின் எண்ணிக்கையைப் படிப்படியாக எட்டாகக் குறைக்கவேண்டும் என்பது அதன் முக்கிய விதி. ‘சிறைப்பட்டோர்’ எனப்பட்டவர்கள் கேட்டது உட்கார ஓர் இருக்கை.

வெளியேற்றம்

2018இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக லாஸ் ஏஞ்சல்ஸ் வளாக ஆய்வாளர் வெளியிட்ட அறிக்கை, தென் கலிபோர்னியாவின் ஆறு மாவட்டங்களைப் பற்றியது. அதன்படி 1990களில் அங்கு 18 இலட்சம் மக்கள் கூடினர்; குடும்பங்களின் வண்டிகளோ 4,56,000 மட்டுமே கூடின. 2000 முதல் 2015 வரை கூடியோர் 23 இலட்சம். கூடிய வண்டிகள் 21 இலட்சம். ஏழைக் குடும்பங்களிலும் அயல்நாட்டில் பிறந்தோரிடையேயும் மகிழுந்து பரவியமையே பயணியர் குறைந்ததன் முதன்மைக் காரணமென அவ்வறிக்கை கருதுகிறது. பேருந்தில் பெருமளவு பயணம் செய்வோர் எப்போதும் சிறு தொகையினர். இம்முறை மகிழுந்து வாங்கியோர் அத்தொகையைச் சார்ந்தோர். நடுத்தர வகுப்பினரின் வெளியேற்றத்தை மோகம் என்று விளக்கலாம். வாட்ஸ் போன்ற பகுதிகளில் தவணைக்குப் பழைய மகிழுந்து வாங்கி எரிபொருளுக்கும் காப்பீட்டுக்கும் வருவாயில் பெரும்பகுதியைச் செலவிடும் குடும்பத்தின் முடிவை அவ்வாறு விளக்கவியலாது. அக்குடும்பம் ஒழுங்காகக் கணக்குப் பார்த்தே பேருந்தை விட்டிருக்கிறது. அக்கணக்கின் முதல் வரியில் காத்திருந்த நிமிடங்கள் உள்ளன.