பிசாரோ, கிளாடியோ

பெரு நாட்டுக் கால்பந்து முன்கள வீரர் (பிறப்பு: 3 அக்டோபர் 1978, கயாவ்). தேப்போர்த்திவோ பெஸ்கெரோ, அலியான்சா லீமா அணிகளில் ஆடியபின் 1999இல் ஜெர்மனியின் வெர்டர் பிரேமனில் சேர்ந்தார். 2001இல் பயர்ன் மியூனிக் அவரை எடுத்துக்கொண்டது. 2007இல் சென்ற செல்சி அணியில் ஒரு பருவம் மட்டுமே ஆடினார். பெரும்பாலும் மாற்று வீரராகவே களமிறங்கினார்.

அவரது பெயர் நிலைத்தது ஜெர்மன் லீக்கான புண்டஸ்லிகாவில்தான். 490 ஆட்டங்களில் 197 கோல்கள். வெளிநாட்டு வீரர்களில் அதிக கோல் அடித்தவர் என்ற அவரது சாதனையை 2019இல் ராபர்ட் லெவண்டோவ்ஸ்கி கடந்தார். வேகத்தைவிட, பந்து வந்து விழும் இடத்தை முன்பே கணிக்கும் திறமையே பிசாரோவின் பலம். நாற்பது வயதிலும் அவர் கோல் அடித்ததற்கு அதுவே காரணம் எனலாம். 2013 மார்ச்சில் ஹாம்பர்க்கை பயர்ன் 9–2 என வென்றபோது, மீண்டும் அந்த அணிக்குத் திரும்பி, வழக்கமாக மாற்று வீரராக அமர்ந்திருந்த அவர் நான்கு கோல்கள் அடித்தார். அவ்வாண்டு சாம்பியன்ஸ் லீக் வென்ற அணியிலும் இருந்தார். பிரேமன் அவரை மீண்டும் மீண்டும் அழைத்துக்கொண்டது. 2020இல் அங்கேயே ஓய்வு பெற்றார்.

தேசிய அணிக்கு 85 ஆட்டங்களில் 20 கோல்கள்; கழக ஆட்டத்தின் உயரத்தை அது எட்டவில்லை. 36 ஆண்டுகளுக்குப்பின் பெரு தகுதிபெற்ற 2018 உலகக் கோப்பைக்கும் அவர் தேர்வாகவில்லை. உலகக் கோப்பையில் அவர் ஒருமுறைகூட ஆடியதில்லை.